பெயர்கள் ஓடி முடியும்வரை

உள்ளூர்த் தமிழ்த் திரைப்படம் ஒன்று வெளிவந்தால் நம்மிடையே இரண்டு குரல்கள் எழும். ‘நம்மவர் படம், ஆதரிக்க வேண்டும்’ என்பது ஒன்று. ‘தமிழ்நாட்டுப் படம் போல இல்லையே’ என்பது மற்றொன்று. இப்படிப் பேசுவோரில் பலர் படத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்களிடம் அதை உருவாக்கியவர்கள் யார் என்று கேட்டால், இயக்குநரின் பெயரோடு பதில் முடிந்துவிடும்.

பெரிய நிறுவனத்தின் பணமோ நட்சத்திரமோ இல்லாத படம், ஒரு சிறு குழுவின் உழைப்பால்தான் எழுந்து நிற்கிறது. அந்தக் குழுவில் எல்லாரும் தமிழராக இருப்பதும் இல்லை. தீபக் குமரன் மேனன் 2005-இல் இயக்கிய ‘செம்மண் சாலை’, தோட்டத்தில் வளர்ந்து பல்கலைக்கழகம் செல்ல ஏங்கும் சாந்தா என்ற பெண்ணின் கதை. நம்மில் பலருடைய அம்மாவின், பாட்டியின் கதையும் அதுதான். அதைத் தயாரித்தவர் டான் சுய் முய் என்ற சீனப் பெண். பிரிக்பீல்ட்ஸில் பூ விற்கும் ஒரு தாயின் குடும்பத்தைக் காட்டிய ‘சலங்கை’ 2007-இல் வந்தது. அதுவும் தீபக்கின் படமே.

சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015 டிசம்பரில் திரைக்கு வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கில் குடியேறிய குடும்பத்தில், அப்போய் என்னும் சிறுவன் வழிதவறுவதைச் சொன்ன படம் அது. அதற்கு இசையமைத்தது கமால் சப்ரானின் ‘ஸ்பேஸ் கம்புஸ் எக்ஸ்பெரிமென்ட்’ குழு.

2016-இல் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் நடந்ததை நாம் மறக்கக்கூடாது. மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்கியதால் ‘ஜகாட்’ முதன்மை விருதுக்குப் போட்டியிட முடியாத நிலை இருந்தது. அதை எதிர்த்து ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் விழாவைப் புறக்கணித்தார். நடிகரும் இயக்குநருமான அஃப்ட்லின் ஷவ்கியும் எதிர்ப்புக் குரல் கொடுத்தார். பின்னர் விதி மாற்றப்பட்டது. சிறந்த மலேசியத் திரைப்பட விருதை ‘ஜகாட்’ வென்றது. நாம் அதை இனத்தின் வெற்றி என்று கொண்டாடினோம், கொண்டாடியதில் தவறில்லை. ஆனால், அந்தக் கதவு திறக்கத் துணை நின்றவர்களுள் கேமராவுக்குப் பின்னால் நிற்கும் ஒரு மலாய்த் தொழிலாளியும் இருந்தார் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்?

‘படம் நன்றாக இருந்தால் நாங்களே பார்ப்போமே’ என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் ஒலிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் அடுத்த படத்தில் வேலை செய்தால்தானே மேலும் தேர்ச்சி பெறுவார்கள்? முதல் வாரத்தில் இருக்கைகள் காலியாகக் கிடந்தால் அந்த அடுத்த படம் எப்படி வரும்? அனுதாபத்தால் அரங்கு நிறைவதில்லை. நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். படம் பிடிக்காவிட்டால் காரணத்தோடு சொல்ல வேண்டும். திருட்டுப் பிரதியைப் பகிர்ந்துவிட்டு ‘வாழ்க தமிழ்’ என்பதில் பொருளில்லை.

பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகளால் செய்யக்கூடியது நிறைய உண்டு. நம் மேடைகளுக்கு நடிகர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். ஒரு முறையாவது ஓர் ஒலிப்பதிவாளரை அழைத்து, அவர் தொழிலைப் பற்றிப் பேசச் சொல்வோம். இரு மொழியும் நன்கறிந்த நம் மாணவர்கள் இத்தகைய படங்களுக்கு மலாய்த் துணைவசனம் எழுதிக் கொடுக்கலாம். இதுபோன்ற ஆண்டிதழ்களில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு படக்குழுவின் நேர்காணலையேனும் வெளியிடலாம். இல்லையென்றால் அவர்கள் உழைப்பை நாளை யார் எழுதி வைப்பார்கள்?

இவை எதற்கும் நேரமில்லை என்போர் ஒன்றை மட்டும் செய்யலாம். கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ அடுத்த உள்ளூர்ப் படத்தைப் பார்க்கும்போது, விளக்கு எரிந்தவுடன் எழுந்துவிடாமல், பெயர்கள் ஓடி முடியும்வரை அமர்ந்திருங்கள். இரண்டு பெயரையாவது நினைவில் வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.