நோர்ட்டன் கம்பிகளுக்குக் கீழே

ஹட்டனிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் பஸ்ஸில் போகிறபோதெல்லாம் 'விமலசுரேந்திர மின் நிலையம்' என்ற பெயர் எங்கள் காதில் விழுந்திருக்கிறது. அது ஒரு மனிதரின் பெயர் என்பதும் தெரியும். அதற்கு மேல் நாங்கள் கேட்டதில்லை. மலையகத்தில் பிறந்து, மலையகத்தைப் பற்றியே எழுதிப் பெயர் வாங்கிய எங்களில் ஒருவர்கூட அவரைப் பற்றி உட்கார்ந்து நாலு பக்கம் எழுதவில்லை. அவர் எங்கள் ஆள் இல்லை என்று ஒதுக்கிவைத்தோம். அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

தேவபுர ஜயசேன விமலசுரேந்திர 1874 செப்டெம்பர் 17ஆம் திகதி காலியில் பிறந்தவர். அரசாங்கப் பொறியியலாளராக வேலை பார்த்தார். தங்கம் கிடைக்குமா என்று பார்த்துவர மலைநாட்டு ஆறுகளுக்கு அனுப்பப்பட்டவர், மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் பாறைகளிலிருந்து குதிக்கும் இடங்களில் நின்றுவிட்டார். தங்கத்தை விடப் பெரியதொன்று அங்கே வீணாக விழுந்துகொண்டிருப்பது அவர் கண்ணில் பட்டது. லக்சபான அருவியையும் அபர்டீன் அருவியையும் எங்கள் பாட்டன் பூட்டன்மாரும் அன்றாடம் பார்த்தார்கள். கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்தவர்களுக்கு அளவெடுக்க நேரமும் இல்லை, கருவியும் இல்லை. அவருக்கு இரண்டும் இருந்தன. அவற்றை அவர் தன் பதவி உயர்வுக்குப் பயன்படுத்தவில்லை என்பதைத்தான் நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை படித்தார். இந்த இரண்டு ஓயாக்களின் நீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கலாம் என்று கணக்கோடு சொன்னார். சுருக்கிச் சொன்னால் வேலை இவ்வளவுதான்: மேலே அணை கட்டி நீரைத் தேக்குவது, குழாய் வழியாகச் செங்குத்தாக இறக்குவது, அந்த வேகத்தில் சுழலியைச் சுற்றவிடுவது. விழுந்த நீர் தீர்ந்துபோவதில்லை. கீழே இன்னோர் அணையில் பிடித்து மறுபடியும் இறக்கலாம். இன்று காசல்ரீயிலிருந்து இறங்கும் நீர் விமலசுரேந்திர நிலையத்தைச் சுற்றிவிட்டு, நோர்ட்டன் தேக்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து பழைய லக்சபான நிலையத்துக்குப் போகிறது. ஒரே நீர் இரண்டு முறை உழைக்கிறது. நாங்கள் படித்த தமிழ்ப் பாடசாலையில் இதை எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. நாங்களே ஆசிரியர்களானபோது நாங்களும் விளக்கவில்லை.

1924இல் தொடங்கிய லக்சபான வேலை பாதியில் நின்றது. அரசாங்க மின்சாரத் திணைக்களத்தில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர், ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். அவர் 1931இல் இரத்தினபுரித் தொகுதியில் நின்று வென்று அரசாங்க சபைக்குள் போனார். உத்தியோகத்தில் இருந்தபோது கோப்புகளில் எழுதிக் கேட்டதை, மக்கள் பிரதிநிதியாகச் சபையில் எழுந்து நின்று கேட்பதற்காகப் போனார்.

அந்தச் சபையில் நாங்கள் எங்கே இருந்தோம்? யாழ்ப்பாணக் குடாநாடு தேர்தலைப் பகிஷ்கரித்திருந்தது. அதன் நான்கு ஆசனங்களும் 1934 வரை காலியாகவே கிடந்தன. மலையகத்துக்குக் குரல் இருந்தது, ஹட்டன் உறுப்பினர் பெரி சுந்தரம் அமைச்சராகவும் இருந்தார். தன் தொகுதிக்கு அருகிலேயே நின்றுபோயிருந்த திட்டத்தைப் பற்றி விமலசுரேந்திர பேசியபோது பெரி சுந்தரம் என்ன சொன்னார்? ஹன்சாட் புத்தகங்கள் நூலகங்களில் இருக்கின்றன. எங்களில் ஒருவரும் அவற்றை எடுத்துப் புரட்டவில்லை. பெரி சுந்தரத்தைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசியிருக்கிறோம், அந்தப் பக்கங்களைத் திறந்ததில்லை. சோம்பல்தான், வேறு காரணம் இல்லை.

லக்சபானவிலிருந்து மின்சாரம் வந்தது 1950 டிசம்பரில். அவர் கணக்குச் சொல்லி முப்பத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு. அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. 1953இல் காலமானார். அவர் பெயர் சூட்டப்பட்ட 50 மெகாவாட் நிலையம் ஓடத் தொடங்கியது 1965இல்.

அந்த 1950இல் எங்கள் மக்களின் நிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, வாக்குரிமையும் பறிபோன நேரம் அது. கம்பிகள் எங்கள் தோட்டங்களுக்கு மேலாகக் கொழும்புக்குப் போயின. கீழே லயக் காம்பராக்களில் குப்பி லாம்பு எரிந்தது, அதற்குப் பிறகும் எத்தனையோ வருடங்கள் எரிந்தது. அந்தக் கோபத்தை நாங்கள் எழுதினோம், நியாயமாகவே எழுதினோம். மவுஸ்ஸாக்கலைத் தேக்கத்தில் பழைய மஸ்கெலியா மூழ்கியதை எழுதினோம். நீர் வற்றும்போது தலைகாட்டும் கோயிலைப் படமும் எடுத்தோம். ஆனால் அந்த ஆத்திரத்தில் ஆளையும் அமைப்பையும் பிரித்துப் பார்க்கத் தவறினோம். வெளிச்சத்தை நாட்டுக்கெல்லாம் கொடுக்கலாம் என்று ஆயுள் முழுவதும் வாதாடியவரையும், அதை லயத்து வாசலில் நிறுத்திவைத்தவர்களையும் ஒன்றாகச் சேர்த்து மறந்தோம். இது அவருக்கு நாங்கள் செய்த அநியாயம்.

இன்னொன்றும் உண்டு. அணை கட்டவும் சுரங்கம் வெட்டவும் போன தொழிலாளர்கள் யார், எந்த ஊரார், எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று நாங்கள் கேட்டுவைக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லக்கூடிய முதியவர்கள் எங்கள் இளமையில் உயிரோடிருந்தார்கள். ஆடி மழையில் திண்ணையில் உட்கார்ந்து அவர்களோடு தேநீர் குடித்தோம், வேறு கதைகள் பேசினோம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றபோது, எரிபொருள் வாங்க டொலர் இல்லை என்றார்கள். எரிபொருளை நம்பி நிற்காமல் நம் ஆற்று நீரை நம்புவோம் என்று ஒருவர் 1918இலேயே சொன்னதை அன்று இருட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல எங்களிடம் தமிழில் ஒரு சிறு புத்தகம்கூட இருக்கவில்லை. எழுதியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

மஸ்கெலியா, நோர்ட்டன், பொகவந்தலாவைப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற செப்டெம்பர் 17ஆம் திகதி வகுப்பில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அவர் கதையைச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகளிடம், வீட்டுக்குப் போய் அணை வேலைக்குப் போன தாத்தா, பெரியப்பா யாராவது உண்டா என்று விசாரித்து, பெயரையும் ஊரையும் ஒரு கொப்பியில் எழுதிவரச் சொல்லுங்கள்.