ஒரே நாளில் இரு மனுக்கள்

"உனக்கு எத்தனை நாளாயிற்று?" விடுதிச் சாப்பாட்டறையில் தமிழ் மாணவர் இருவர் கூடினால் எழும் முதற் கேள்வி இதுதான். பாஸ்போர்ட்டோ விசாவோ, ஒருவனுக்கு மூன்று வாரம். அவனைப் போன்ற மற்றொருவனுக்கு மூன்று மாதம்! உடனே ஊகங்கள் புறப்படும். சிபாரிசு இருக்கும், பணம் பேசியிருக்கும், இல்லையேல் பிந்தியவன்மேல் வழக்கு இருக்கும்! அந்த மூன்றாவது ஊகத்தைச் சுமந்தவன் நான். ஆகையால் எழுதுகிறேன்.

என் ஊர் பாறசாலை. அத்தை வீடு களியக்காவிளை. சைக்கிளில் போய்வரும் தொலைவுதான். ஆனால் 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. வீட்டிலே தமிழ் ஒன்று, சர்க்கார் இரண்டு.

2018 முதல் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் எவரும் மனுச் செய்யலாம் என்றாயிற்று. அத்தை மகனும் நானும் ஒரே காலையில், ஒரே சேவா கேந்திரத்தில், அடுத்தடுத்த டோக்கன் வாங்கினோம். அவனுக்கு இரண்டு வாரத்தில் தபாலில் வந்தது. எனக்கு நான்கு மாதம்! வெளிநாட்டில் கிடைத்திருந்த இடம் ஒரு பருவம் தள்ளிப்போயிற்று. ஊர் வாய் சும்மா இருக்குமா? "பையன் மேலே கேஸ் உண்டாம்" என்றது. அப்பா சந்தைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்.

நடந்தது என்ன? மனு வாங்கும் மேசை ஒன்றானாலும், போலீஸ் விசாரணை எழுதிக்கொடுத்த முகவரிக்கே போகும். அவன் தாள் தமிழகக் காவல் துறைக்கு, என் தாள் கேரளக் காவல் துறைக்கு. கேரளத்தில் தாமதம் என்று எண்ணிவிடாதீர்! எங்கள் வீட்டுக்குத்தான் காவலர் முதலில் வந்தார். பாட்டி உள்ளதைச் சொன்னாள்: "பிள்ளை திருநெல்வேலியிலே படிக்கான்." முகவரியில் ஆள் இல்லை, தாள் நின்றது. விடுதி முகவரியைத் தராதது என் பிழை. ஆனால் ஏன் நின்றது என்று யாராவது சொன்னார்களா? விசாரிக்கும்போதெல்லாம் "பரிசீலனையில்" என்ற ஒரே சொல்!

அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பௌதிக மாணவன், கணக்கு வராமல் போகுமா? நாளொன்றுக்கு 20 மனு முடிக்கும் மேசைக்குச் சராசரி 10 மனு முன்பின்னாக வந்தால் காத்திருப்பு சிறிது. 19 வந்தால்? வேலை இரட்டிப்புக்கும் குறைவே. எளிய வரிசைக் கணக்கின்படி காத்திருப்போ 19 மடங்கு! இதிலே சூழ்ச்சி எங்கே, சிபாரிசு எங்கே?

கனடாவின் குடிவரவுத் துறை பல வகை மனுக்களுக்கு, நூற்றுக்கு 80 மனுக்கள் முடிந்த காலத்தை அறிவிக்கும் வழக்கமுடையது. நன்று. மீதி 20 பேர்? அவர்களுக்குத்தான் இரவில் உறக்கமில்லை. காலத்தைக் குறைக்க முடியாத அலுவலகமும், தாள் எதற்காக நிற்கிறது என்று ஒரு வரி எழுதலாமே! அந்த வரி கிடைத்திருந்தால் நான் மறுநாளே பஸ் ஏறியிருப்பேன்.

அத்தை மகன் இப்போது விசாவுக்கு எழுதிப்போட்டிருக்கிறான். பதினொரு வாரமாயிற்று, பதில் இல்லை. முகவரிப் பத்தியில் எதை எழுதினாய் என்றுதான் அவனைக் கேட்டேன்.