குறி தவறிய நகைப்பு

அதிகாரத்தை எள்ளி நகையாடுவோர் குறி தவறினால் அதிகாரம் தப்பிவிடும். 2017இல் நெற்பிளிக்ஸ் வெளியிட்ட ‘வார் மெஷின்’ என்னும் படம் இதற்குச் சான்று. ஆப்கானிஸ்தானத்தில் படை நடத்தி, 2010இல் ஜனாதிபதி ஒபாமாவால் பதவி நீக்கப்பட்ட ஜெனரல் மக்கிறிஸ்ரலின் கதையைத் தழுவி டேவிட் மிஷோட் இயக்கியது இது.

தலைமை வேடம் பிராட் பிற்றுக்குப் பொருந்தவில்லை. சுருக்கிய கண்ணையும், கரகரத்த குரலையும், விறைத்த ஓட்டத்தையும் கண்டு நகைக்கின்றோம். ஆயிரமாயிரம் வீரரைச் சொல்லால் ஆட்டிவைத்த மனிதனை அங்கே காண்கின்றோமில்லை. கேலிக்கூத்தாகத் தொடங்கும் படம், போர்க்களம் புகுந்ததும் திடீரெனத் துயரமாகின்றது. முன்னைய சிரிப்பு பின்னைய துயரத்துக்கு வழிகோலவில்லை.

ஜேர்மன் அரசியல்வாதியாக வரும் ரில்டா சுவின்ரன் ஒருவரே தளபதியின் தன்னம்பிக்கையை நிதானமாகக் குறுக்கு விசாரணை செய்கின்றார். வழக்கின் உயிர் அக்காட்சியிலேயே உண்டு.

ஒருவனின் கோமாளித்தனமே குற்றமெனில், அவனை நீக்கியதும் நீதி நிறைவேறிவிடும். நடந்தது அதுவன்று. தளபதி போனார், போரோ 2021 வரை நீண்டது. இறுதியில் புதிய தளபதி வந்திறங்குவதைக் காட்டிப் படமும் இவ்வுண்மையைத் தொடுகின்றது. ஆனால் கூண்டில் நிறுத்த வேண்டிய கொள்கையை விட்டு, இரண்டு மணி நேரம் ஒருவனுடைய நடையை விசாரித்த பின்னர் வரும் தீர்ப்பு அது.