பெட்டியா குற்றவாளி?



மரக்காணத்தில் ஒரு வீடு. வீடென்றதும் விரிந்த முற்றமும் உயர்ந்த மாடமும் நினைவுக்கு வரக்கூடும். வேண்டாம், அப்படி எண்ண வேண்டாம். தகரக் கூரை, செங்கற் சுவர், பூசியது பாதி, பூசாதது மீதி. வாயிலில் நின்று நோக்கினால் வெள்ளை வெளேரென உப்பு அம்பாரங்கள், அவற்றுக்கப்பால் கடல். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆராய்ச்சியாளர். பட்டினத்தின் பழம்பெருமை பேச நான் வரவில்லை. அந்த வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் சிறு பெட்டி ஒன்றைப் பற்றிப் பேச வந்தேன்.

ரூட்டர் என்று அதற்குப் பெயர். திசைவி என்று தமிழில் அழகாகச் சொல்லலாம். மரக்காணத்து மக்களோ 'வைஃபை பெட்டி' என்கிறார்கள். எனக்கும் அதுவே போதும்.

நாடக ஒத்திகைக்காகச் சென்ற மே மாதம் அங்கே ஒரு வாரம் தங்கினேன். வீட்டுக்காரர் உப்பளத் தொழிலாளி, ஐம்பதைத் தாண்டியவர், ஊர் உறங்கும் வேளையில் வாரு பலகையோடு பாத்தியில் இறங்குகிறவர். மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள். அரசு கலைக் கல்லூரியில் சேர விரும்புகிறாள். விண்ணப்பமோ இணைய வழி. பெயரை எழுதுவாள், பிறந்த நாளை எழுதுவாள், மதிப்பெண்ணை எழுதுவாள்; சான்றிதழை ஏற்றும் வேளை பார்த்து இணைப்பு அறுந்துவிடும். மீண்டும் முதலிலிருந்து! மூன்று மாலை இப்படியே கழிந்தன. எங்கள் குழுவில் ஒரு நடிகர் உண்டு. மேடைக்கு ஓடி வருவார், "மன்னா, ஒரு செய்தி!" என்பார், செய்தி மறந்துபோகும், வந்த வழியே ஓடிவிடுவார். அவரை மன்னிக்கலாம், ஊதியம் வாங்காதவர். மாதந்தவறாமல் கட்டணம் வாங்கும் இணைப்பை எங்ஙனம் மன்னிப்பது?

நிறுவனத்துக்குத் தொலைபேசினாள். "அணைத்துவிட்டுப் போடுங்கள்" என்றனர். அணைத்தாள், போட்டாள். மறுநாளும் தொலைபேசினாள். மறுநாளும் அதே மந்திரம். மூன்றாம் நாள் தீர்ப்பே வந்துவிட்டது: "பெட்டி பழையது, புதியது வாங்குங்கள்."

என்ன விசாரணை நடந்தது? சாட்சி யார்? தடயம் எது? பெட்டியைக் கண்ணால் கண்டவரேனும் உண்டா? ஒருவருமில்லை. கூண்டில் ஏற்றப்பட்டது பெட்டி. அபராதம் விதிக்கப்பட்டதோ உப்பு வாருகிற மனிதருக்கு! அக்டோபரில் மழை இறங்கினால் பாத்தியில் வேலையில்லை. ஆண்டு முடியும் வரை அடுப்புக்கே கணக்குப் பார்க்கும் வீடு அது. அங்கே போய், 'இன்னொரு பெட்டி வாங்கு' என்று தொலைவில் இருந்தபடி சொல்ல எத்தனை எளிதாக நா எழுகிறது!

"தம்பி, நீங்க படிச்சவங்க, என்னான்னு பாருங்க" என்றார் பெரியவர். நான் படித்த அழகு ஊரறிந்தது. கல்லூரிக்குள் நுழைந்ததுண்டு, பட்டம் பெறாமலே வெளியேறியதும் உண்டு. ஆயினும் வயரும் பிளக்கும் மைக்கும் அறியாதவன் நாடகம் போட முடியாது. உட்கார்ந்து பார்த்தேன்.

அணைத்துப் போடுவது அறவே வீண் என்று நான் கூறவில்லை. குழம்பிய பெட்டி அதனால் தெளிவதுண்டு. ஒருமுறை செய்து பாருங்கள். நாள்தோறும் செய்ய வேண்டி வந்தால் அது மருந்தன்று. நோய் உள்ளே இருக்கிறதென்பதற்கு அடையாளம்.

பெட்டியின் முகத்தில் சிறு விளக்குகள் இருக்கின்றனவே, அவைதாம் சாட்சிகள். இணைப்பு அறும் அந்த நொடியில் அவற்றைப் பார்க்க வேண்டும். எல்லா விளக்கும் அணைந்து, ஒவ்வொன்றாக மீண்டும் எரிகின்றனவா? பெட்டிக்கு மின்சாரம் தடைப்படுகிறது. 'லாஸ்' என்று எழுதிய விளக்கு சிவக்கிறதா? கண்ணாடி இழை வழியே வரவேண்டிய ஒளி வரவில்லை, குற்றம் தெருவில். விளக்கெல்லாம் பச்சையாகவே இருக்க, கைப்பேசியில் மட்டும் வைஃபை குறி மறைகிறதா? பெட்டிக்கும் கைப்பேசிக்கும் இடையே உள்ள தொலைவையும் சுவரையும் கேளுங்கள். குறி நிற்கிறது, விளக்குகளும் பச்சை, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லையா? இழை நன்றாகவே இருக்கிறது. நிறுவனத்தின் அலுவலகத்தில் தேடுங்கள். இந்த நான்கு கேள்வியைத் தொலைபேசியில் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிடம். அந்தப் பெண்ணிடம் ஒருவரும் கேட்கவில்லை.

முதல் மாலை ஏழு மணி இருக்கும். எல்லா விளக்கும் பொசுக்கென அணைந்தன, பிறகு எரிந்தன. அரை மணியில் இன்னொரு முறை. வீட்டு மின்விசிறியோ நிற்காமல் சுழன்றது. அப்படியானால்? சுவர்ப் பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள அடாப்டர்மேல் ஐயம் விழுந்தது. கழற்றிப் பார்த்தேன். உலோக முனையில் பாசி பிடித்தாற்போல் பச்சை!

இங்கேதான் மரக்காணத்தின் காற்று மேடையேறுகிறது. கடற்காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் மிதந்து வருகிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே நீராகிறது. கடலோரத்து இரவில் 75 என்பது பெரிய செய்தியா? பெட்டியின் முனைகளில் படிந்த உப்பு இரவில் நீராகிறது, பகலில் காய்கிறது, மறுபடி நீராகிறது. மின்சாரமும் உப்புநீரும் செம்பும் ஓரிடத்தில் கூடினால் அரிப்புக்குக் கேட்கவா வேண்டும்? இதைப் பெரியவரிடம் விளக்கத் தொடங்கினேன். அவர் சிரித்துவிட்டார். "உப்பப் பத்தி எனக்கே சொல்றீங்களா தம்பி?" என்று சன்னல் கம்பியைக் காட்டினார், பாதி தின்னப்பட்டிருந்தது. மிதிவண்டிச் சங்கிலியைக் காட்டினார். கிரீஸ் பூசி மினுமினுவென்று வைத்திருந்தார். நான் வாய் மூடினேன். அந்தப் பாடத்தில் அவர் ஆசிரியர், நான் மாணவன்.

அடாப்டரை மாற்றினோம். பெட்டியின் அடியில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் அதற்குக் குறையக்கூடாது. முனையும் பொருந்த வேண்டும். புதிய பெட்டியின் விலையில் சிறு பங்குதான் செலவு. மற்ற முனைகளை, மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தோம். தண்ணீர் ஆகாது, மண்ணெண்ணெயும் ஆகாது. பெட்டியைத் தகரக் கூரையின் அனலிலிருந்து இறக்கி, நடுச்சுவரில், காற்றோடும் இடத்தில் மாட்டினோம். அதன்மேல் போர்த்தியிருந்த பூ வேலைத் துணியையும் எடுத்தோம். மூச்சு விடும் துளைகளை அது அடைத்திருந்தது. ஆயுத பூசைக்கு இட்ட குங்குமப் பொட்டு நெற்றியில் இன்னும் இருந்தது. பொட்டு இருந்தும் இணைப்பு அறுந்ததே என்று நான் கேட்கவில்லை, விருந்தினன் அல்லவா?

அலைவரிசையை மாற்றுக என்று அறிவுரை சொல்வோர் உண்டு. 2.4 கிகாஹெர்ட்சில் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றோடொன்று மோதாதவை. அவற்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்துகொள் என்பர். சென்னை அடுக்குமாடியில் அது நல்ல அறிவுரை. உப்பளத்து ஓரத்தில் தனியாக நிற்கும் வீட்டுக்கு நெரிசலா? பக்கத்து வீட்டு அலை எட்டிப் பார்க்கவும் தூரம் போதாது. நகரத்துக்கு எழுதிய மருந்துச் சீட்டை நாட்டுப்புறத்துக்கும் நீட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

விளக்குகள் இப்போது மொத்தமாக அணையவில்லை. வென்றோம் என்று நினைத்தேன். மறுநாள் மாலை கடற்காற்று வீசத் தொடங்கியதும் 'லாஸ்' விளக்கு சிவந்தது, பச்சையானது, மீண்டும் சிவந்தது. காற்று அடித்தால் சிவப்பு, ஓய்ந்தால் பச்சை!

உலாவியில் 192.168.1.1 என்று இட்டால் பல பெட்டிகள் தங்கள் உட்கணக்கைக் காட்டும். கடவுச்சொல் பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருக்கும். அதில், வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் எழுதியிருக்கும். வீட்டு இணைப்புக்குப் பரவலாக உள்ள முறையில் அது −8க்கும் −27க்கும் இடையே இருக்க வேண்டும். எங்கள் பெட்டி −29 என்றது. நண்பரே, இந்த எண்ணைக் கவனியுங்கள். இதைப் பார்க்க நாங்கள் பெட்டிக்குள் நுழைந்தோம். நிறுவனத்தாரோ தம் அலுவலகத்தில் அமர்ந்தபடியே பார்க்கலாம்! ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு ஒளி போய்ச் சேர்கிறதென்று காட்டும் கருவி அவர்களிடம் இருக்கிறது. கண்ணிருந்தும் பாராமல், 'பெட்டி பழையது' என்று தீர்ப்பளித்தார்களே, அதுதான் என் வழக்கு.

டார்ச் விளக்கோடு இழையைத் தொடர்ந்து நடந்தோம். மூன்றாவது கம்பம் சாய்ந்து நின்றது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததே, உப்பளமெல்லாம் வெள்ளக்காடானதே, அன்று சாய்ந்த கம்பம். அதில் கட்டிய இணைப்புப் பெட்டிக்கு மூடி இல்லை. அதுவும் அன்று போனதுதான். இழை, ஆணி ஒன்றில் முறுக்காக வளைந்து கிடந்தது. கண்ணாடி இழை உப்புக்கு அஞ்சாது, வளைவுக்கு அஞ்சும். இறுக்கி வளைத்தால் உள்ளே ஓடும் ஒளி வெளியே கசிந்துவிடும். காற்று அசைக்கும்போதெல்லாம் அந்த வளைவு இறுகிற்று; வீட்டில் விளக்கு சிவந்தது. நாங்கள் தொடவில்லை. நீங்களும் தொடாதீர். இழையின் நுனியைக் கண்ணருகே கொண்டு பார்ப்பது கூடவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்க வல்லது.

வீட்டுக்கு வந்து தொலைபேசினோம். இம்முறை 'இணையம் வரவில்லை' என்று முறையிடவில்லை. "லாஸ் விளக்கு சிவக்கிறது, ஒளி −29, மூன்றாவது கம்பத்தில் இழை வளைந்திருக்கிறது. புகார் எண் கொடுங்கள்" என்றாள் அந்தப் பெண். மறுமுனையில் மந்திரம் நின்றது! எண் வந்தது. பால் கணக்கு எழுதும் சுவரில் கரியால் அதை எழுதினாள்.

புகார் எண் தருவது அவர்களுடைய கருணையன்று. 2012ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைய விதி அது. எண் தந்தும் தீராவிட்டால் நிறுவனத்திலேயே மேல்முறையீடு உண்டு. 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பழுது நீடித்தால் கட்டணத்தில் கழிவு தரவேண்டுமென்று 2006ஆம் ஆண்டு விதியே கூறிற்று. சேவைத் தரத்துக்குப் புதிய விதிகள் 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தன. சட்டம் இல்லாமலில்லை. கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில், கல்லூரி விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்றே உரைத்தது. உரிமை ஏட்டில் எழுந்து நிற்கிறது. கம்பத்தின் மூடியோ கழன்று கிடக்கிறது!

மறுநாள் பழுது நீக்குபவர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், ஒப்பந்தக் கூலி, மோட்டார் சைக்கிளில் ஏணி. அவர்மீது சினந்து பயனில்லை, சினப்பது நியாயமுமில்லை. "எத்தனை ஊர் பார்க்கிறீர்கள் தம்பி?" என்றேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இடையில் நிறுத்திச் சிரித்தார். வளைந்த பகுதியை வெட்டினார். இரு நுனியையும் சிறு கருவியில் வைத்து உருக்கி ஒட்டினார். கால் மணி நேர வேலை. பெட்டி −21 என்றது. பழைய பெட்டிதான், குற்றவாளியென்று தீர்ப்புப் பெற்ற அதே பெட்டி!

"மூடி?" என்றேன். "கம்பெனி தரலை சார்" என்றார்.

கடலோரத்துக்கு என்று தனிச் சிந்தனை வேண்டாமா? 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த கரை இது. அதற்குப் பின்னும் புயல்கள் வந்தன, இனியும் வரும். தூசும் புகாமல், பீச்சும் நீரும் புகாமல் காக்கும் பெட்டிகளுக்கு 'ஐபி 65' என்று தர எண்ணே இருக்கிறது, சந்தையில் கிடைக்கிறது. உப்பளக் கரையிலே அதைக் கம்பத்தில் மாட்டுவதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, அக்கறைதான் தேவை. ஒளியின் அளவைப் பார்க்காமல் 'புதுப் பெட்டி வாங்கு' என்று எந்த ஊழியரும் சொல்லக்கூடாதென்று ஒரு வரி விதியைச் சேர்க்க ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எத்தனை நாள் ஆகும்? சிற்றூர் ஊராட்சிகளுக்கெல்லாம் இழை கொண்டுசெல்லும் திட்டத்தை 2011இல் தொடங்கினார்கள். 2015இல் பாரத்நெட் என்று பெயர் சூட்டினார்கள். இழுத்த இழையைப் பேணுவதற்கும் ஆளும் பணமும் ஒதுக்குக என்பதே நாம் கேட்பது.

அன்று மாலை அந்தப் பெண் உட்கார்ந்தாள். பெயர், பிறந்த நாள், மதிப்பெண், சான்றிதழ். வெளியே கடற்காற்று ஓலமிட்டது. பெரியவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவள், "போயிடுச்சு!" என்று கூவினாள்.

"மறுபடியும் போயிடுச்சா?" என்று எழுந்தே விட்டார் அவர்.

"லைன் இல்லப்பா, அப்ளிகேஷன்!"

மூடியற்ற அந்தக் கம்பத்துப் பெட்டிக்கு, எண்ணெய் கேன் ஒன்றை வெட்டிக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டியிருக்கிறார் பெரியவர். மூடிக்கென்று தனியாக ஒரு புகார் கொடுத்தோம். பால் கணக்குச் சுவரில் இரண்டாவது எண் இன்னும் அழிக்கப்படாமல் இருக்கிறது.