காப்டன் பதவியும் தோல் நிறமும்

பந்தாட்டத்தைப் பற்றி நமது பத்திரிகையில் என்ன எழுத இருக்கிறது என்று வாசகர்களில் சிலர் நினைக்கலாம். பந்தை யார் எவ்வளவு தூரம் அடித்தார் என்பதைப் பற்றி நமக்கு அதிகக் கவலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு மனிதன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அவன் பிறந்த பிறப்பையும் தோலின் நிறத்தையும் பார்த்து, "நீ உழை, ஆனால் தலைமை வகிக்காதே" என்று சொல்லுகிற அக்கிரமம் கோவிலில் இருந்தாலும் கச்சேரியில் இருந்தாலும் பந்தாட்ட மைதானத்தில் இருந்தாலும் அதைக் கண்டிக்க வேண்டியது நமது கடமை. அந்த அக்கிரமம் எப்படிப் பொய்யாய்ப் போயிற்று என்பதற்கு பிராங்க் வொரல் என்பவரின் வாழ்க்கையை விடச் சிறந்த அத்தாட்சி வேண்டியதில்லை.

மேற்கிந்தியத் தீவுகள் என்பவை ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துக்கொண்டு போய் அடிமைகளாக்கிக் கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்கிய தீவுகள். 1838-ல் அடிமைத்தனம் அடியோடு ஒழிந்தது. ஒழிந்ததும், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களிலிருந்து நம் நாட்டு ஏழை மக்களைக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். சட்டத்தில் அடிமைத்தனம் போயிற்றே தவிர, வெள்ளையன் மேல், வெளிர் நிறத்தவன் அடுத்து, கருப்பன் கீழ் என்கின்ற படிக்கட்டு அப்படியே நின்றது.

பந்தாட்டச் சங்கங்களிலும் இதே படிக்கட்டுதான். டிரினிடாட் தீவில் வெள்ளைக் கனவான்களுக்குக் குவீன்ஸ் பார்க் என்று ஒரு சங்கம். வெளிர் நிறத்தாருக்கு மேப்பிள் என்று ஒன்று. படித்த கருப்பருக்கு ஷான்னன் என்று ஒன்று. ஒன்றுமில்லாத ஏழைகளுக்கு ஸ்டிங்கோ என்று ஒன்று. நமது ஊரில் அக்கிரகாரம், ஊர்த்தெரு, சேரி என்று பிரித்து வைத்திருப்பதைப் பார்த்துப் பழகிய வாசகர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நமது ஊரில் சாஸ்திரத்தைக் காட்டினார்கள். அங்கே தோலைக் காட்டினார்கள். வித்தியாசம் அவ்வளவே.

1928-ல் மேற்கிந்திய அணி டெஸ்ட் ஆட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதிலிருந்து 1960 வரையில் காப்டன்களாக நியமிக்கப்பட்டவர்கள் யாரென்று பாருங்கள். வெள்ளையர்கள், அல்லது வெள்ளையரோடு சேர்த்து எண்ணப்பட்ட வெளிர் நிறத்தவர்கள். 1930-ல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற அணிக்குக் காப்டனாக ஜாக்கி கிராண்ட் என்கிற 23 வயது வாலிபரை வைத்தார்கள். அதற்கு முன் அவர் ஒரு டெஸ்ட் கூட ஆடியவரல்ல. அதே அணியில் கான்ஸ்டன்டைன் இருந்தார், ஹெட்லி இருந்தார். உலகம் மெச்சிய இவ்விருவரும் கருப்பர்கள். ஆகையால் அந்த வாலிபர் ஏவியபடி ஆட வேண்டியவர்கள். அந்த ஹெட்லிக்கே 1948-ல் ஒரே ஒரு டெஸ்டில்தான் தலைமை வகிக்கக் கிடைத்தது. ஓடுவதற்கும் பந்து வீசுவதற்கும் வேர்வை சிந்துவதற்கும் கருப்பன்; யோசனை செய்வதற்கும் உத்தரவு போடுவதற்கும் வெள்ளையன். இதற்கும் மனுதர்மத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

பிராங்க் வொரல் 1924-ல் பார்படாஸ் தீவில் பிறந்தவர். சிறு வயதிலேயே கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தார். அத்தோடு, குனிந்து கும்பிடாதவர் என்றும் பெயரெடுத்தார். கும்பிடாதவனுக்கு மேலோர் வைக்கும் பெயர் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே! "கர்வி" என்றார்கள். 1948-ல் இந்தியாவுக்கு வர இருந்த அணியில் ஆடுவதற்குத் தமது உழைப்புக்குத் தக்க கூலி கேட்டார், நிர்வாகத்தார் மறுத்தார்கள், அவரும் வர மறுத்துவிட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளை கூலி வாங்காமல் ஆடலாம். உழைத்துச் சாப்பிட வேண்டியவன் எப்படி ஆடுவான்? இங்கிலாந்துக்குப் போய், சென்ட்ரல் லங்காஷயர் லீக்கில் ராட்கிளிஃப் சங்கத்துக்குச் சம்பளத்துக்கு ஆடினார். மான்செஸ்டர் சர்வகலாசாலையில் படித்துப் பட்டமும் பெற்றார். 1950-ல் நாட்டிங்ஹாமில் இங்கிலாந்துக்கு எதிராக 261 ஓட்டம் எடுத்தார். 1950-51-ல் காமன்வெல்த் அணியோடு இந்தியாவுக்கு வந்தபோது, காப்டனாகிய ஏம்ஸ் ஆட முடியாத சமயங்களில் வெள்ளைக்கார ஆட்டக்காரர்களுக்கெல்லாம் வொரலே தலைமை வகித்தார். அந்நியர்களுக்குத் தலைமை வகிக்க யோக்கியதை உள்ளவருக்குச் சொந்த நாட்டில் மட்டும் யோக்கியதை இல்லையாம்!

இதற்குச் சிலர் ஒரு சமாதானம் சொல்லுவதுண்டு. "வொரல் படித்துக் கொண்டிருந்தார், பயணங்களுக்கு வர அவரால் முடியவில்லை, அதனால்தான் வேறொருவர் காப்டனானார்" என்பார்கள். படிப்பின் காரணமாகச் சில பயணங்களுக்கு அவர் போகவில்லை என்பது மெய்யே. ஆனால் 1955-ல் ஆஸ்திரேலியா வந்தபோது வொரல் அணியில் இல்லையா? வீக்ஸ், வால்காட் இல்லையா? அப்பொழுது ஸ்டால்மேயரும் அட்கின்சனும் அல்லவா காப்டன்கள்? 1959-60-ல் இங்கிலாந்து அணி வந்தபோது வொரல் படிப்பை முடித்துத் திரும்பி வந்து, பார்படாஸில் ஆட்டமிழக்காமல் 197 ஓட்டம் எடுத்தார். அப்பொழுதும் காப்டன் அலெக்சாண்டர்தான். இதற்கு என்ன சமாதானம்?

அந்தச் சமயத்தில்தான் டிரினிடாடில் "நேஷன்" என்ற பத்திரிகையை நடத்தி வந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் என்கிற அறிஞர், வொரலைக் காப்டனாக்கியே தீர வேண்டும் என்று விடாமல் எழுதினார். பொது ஜனங்களும் அதையே கேட்டார்கள். மேலோர் தாமாக மனமிரங்கி எதையும் கொடுத்ததாக எந்தச் சரித்திரத்திலும் நாம் படித்ததில்லை. கேட்டார்கள், கிடைத்தது. 1960-ல் ஒரு முழுத் தொடருக்கு நியமிக்கப்பட்ட முதல் கருப்புக் காப்டனாக வொரல் ஆஸ்திரேலியா சென்றார்.

"கருப்பன் தலைமை வகித்தால் ஒழுங்கு கெட்டுவிடும், தீவுக்குத் தீவு சண்டை மூளும்" என்று பயமுறுத்தியவர்கள் பிறகு நடந்ததைக் கேட்கட்டும். பிரிஸ்பேனில் நடந்த முதல் டெஸ்டில் இரு பக்கமும் சரியாக 737 ஓட்டம் எடுத்துச் சமமாய் முடிந்தது. டெஸ்ட் சரித்திரத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. கடைசி ஓவரை வீசியவர் பார்படாஸ்காரராகிய ஹால். கடைசி விக்கெட்டை எறிந்து வீழ்த்தியவர் இந்திய வம்சாவளியில் வந்த கயானாக்காரராகிய சாலமன். தீவுச் சண்டை எங்கே போயிற்று? பதவியை இழந்த அலெக்சாண்டர் வொரலின் கீழ் மனம் கோணாமல் ஆடி, அத்தொடரில் தம் அணியின் சராசரிக் கணக்கில் முதலிடம் பெற்றார். ஆகவே குற்றம் தனி மனிதரிடத்தில் இல்லை, ஏற்பாட்டில்தான் இருந்தது என்பது விளங்கவில்லையா? தொடரில் ஆஸ்திரேலியாவே 2-1 என்று ஜெயித்தது. ஆனாலும் வெள்ளையரல்லாதாரைக் குடியேற விடாத சட்டம் அமலில் இருந்த அந்த நாட்டில், மெல்போர்ன் வீதிகளில் ஜனங்கள் திரள் திரளாக நின்று தோற்ற அணிக்கு வழியனுப்பு உபசாரம் செய்தார்கள். இரு நாடுகளும் ஆடும் கோப்பைக்கு வொரலின் பெயரையே வைத்தார்கள்.

பிறகு 1962-ல் இந்தியாவை 5-0 என்றும், 1963-ல் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 3-1 என்றும் ஜெயித்தார். மொத்தம் 15 டெஸ்டுக்குத் தலைமை. 9 வெற்றி, 3 தோல்வி, 2 முடிவில்லாதவை, ஒன்று சமம். முப்பத்திரண்டு வருஷம் மறைத்து வைத்த யோக்கியதை இதுதான்!

நிற்க. 1962-ல் பார்படாஸில் இந்திய அணியின் காப்டன் நாரி கான்ட்ராக்டருக்குப் பந்து தலையில் பட்டு மண்டை உடைந்து உயிருக்கே ஆபத்து வந்தது. அப்பொழுது இரத்தம் கொடுத்தவர்களில் எதிரணிக் காப்டனாகிய வொரலும் ஒருவர். கருப்பு மனிதரின் இரத்தம் பார்சி வகுப்பாரின் உடம்பில் ஏறியது, அவர் பிழைத்தார். பிரம்மாவின் தலையில் பிறந்த இரத்தம், காலில் பிறந்த இரத்தம் என்று பேசுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது பாட்டிலில் வரும் இரத்தத்தின் கோத்திரத்தைக் கேட்பார்களா? டாக்டர் பார்ப்பது இரத்தத்தின் வகையைத்தானே ஒழிய வர்ணத்தை அல்ல. 1981 முதல் வங்காளக் கிரிக்கெட் சங்கத்தார் பிப்ரவரி 3-ந் தேதியை வொரல் தினமாக வைத்து இரத்ததானம் நடத்தி வருகிறார்கள். கும்பாபிஷேகங்களைவிட இது எவ்வளவோ பிரயோஜனமான திருநாள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் செய்த கொடுமை" என்று நம்மவர் தப்பித்துக் கொள்ள முடியாது. பல்வங்கர் பாலு என்பவர் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட தோல் தொழில் வகுப்பில் பிறந்தவர். 1911-ல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட் எடுத்தார். பூனாவில் ஹிந்துக்கள் அவர் வீசும் பந்தைத் தொட்டார்கள். தேநீர் மட்டும் அவருக்கு வெளியே, மண் குவளையில். பம்பாயில் ஹிந்து அணிக்காக எத்தனையோ வருஷம் உழைத்தும் காப்டன் பதவி அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923-ல்தான் கிடைத்தது. வெள்ளையனைக் குறை சொல்லுகிற தேசபக்தர்கள் அந்த மண் குவளைக்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

வொரல் 1967-ல் தமது 42-வது வயதில் இரத்தப் புற்றுநோயால் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. ஆண்டைகள் நாட்டின் ஆலயத்தில், அடிமைகள் வழியில் வந்தவருக்கு! ஆனால் செத்த பிறகு நடக்கும் மரியாதை நமக்குப் பெரிதல்ல. பிழைத்திருக்கும்போது ஒருவன் தன் யோக்கியதைக்குத் தக்க இடத்தில் இருக்க முடிந்ததா என்பதே கேள்வி. வொரலுக்கு அந்த இடம் 36-வது வயதில் கிடைத்தது. ஹெட்லிக்கு ஒரே ஒரு டெஸ்டில். பாலுவுக்குக் கிடைக்கவே இல்லை. நமது ஊர்ப் பள்ளியிலும், சங்கத்திலும், கமிட்டியிலும், உழைக்கிறவன் ஒருவனாகவும் நாற்காலியில் இருக்கிறவன் வேறொருவனாகவும் இருப்பதைக் காணும்போதெல்லாம், "இந்த நாற்காலி இவருக்கு எதனால் வந்தது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவரையில் அது காலியாகாது.