நாலு குரல் டப்பா

ஆடி பிறந்தால் கோலியனூர் பக்கம் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு உட்கார நேரமிருக்காது. புத்துவாயம்மன் கோயில் ஒரு பக்கம், சுற்றுப்பட்டு கிராமங்களில் கூழ் ஊற்றுகிற விழாக்கள் ஒரு பக்கம். ஸ்பீக்கர் பாக்ஸைப் பையன்கள் தொப்பென்று இறக்கினாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மூலைக்கு மூலை தகடு அடித்த ஒரு கறுப்புப் பெட்டியை மட்டும் முதலாளியே கை கொடுத்து இறக்குவார். மூடியைக் கழற்றினால் ஆம்ப்ளிஃபயர், கிராஸ்ஓவர், ஈக்வலைசர் எல்லாம் அலமாரித் தட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று இருக்கும். ரேக் என்பது அதுதான். முகப்பின் அகலம் 19 அங்குலம், ஒரு தட்டின் உயரம் 1.75 அங்குலம். அந்த ஒரு தட்டு உயரத்துக்கு ‘யூ’ என்று பெயர். அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் சாமான்களை மாட்டுவதற்காகப் பிறந்த அளவு இது. எந்தக் கம்பெனிச் சாமானை வாங்கினாலும் அதே பெட்டியில், அதே நாலு திருகில் உட்காருவது இதனால்தான்.

இந்தப் பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயருக்குப் பதிலாகப் பழைய கேம் பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிகளை வரிசையாக மாட்டி, கீபோர்டு வைத்து வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால், கேட்பவர்களிடமிருந்து மூன்று கேள்வி வருகிறது. விளையாட்டுச் சாமானில் பதிந்து வைத்த சத்தத்தைத்தானே போடுகிறார்கள்? திருவிழாக் கடையில் வாங்கிய பிரிக் கேம் வீட்டில் கிடக்கிறதே, அது ஆகுமா? ஒன்று போதாதா, எதற்குப் பெட்டி நிறைய? மூன்றுமே நியாயமான கேள்விகள்தான். பதில்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடப்பதால் கொஞ்சம் பொறுமையாகப் போக வேண்டியிருக்கிறது.

நின்டெண்டோ கேம் பாய் ஜப்பானில் வெளிவந்தது 1989 ஏப்ரலில். அதோடு உலகம் முழுக்கப் பரவிய டெட்ரிஸ் ஆட்டத்தின் கார்ட்ரிட்ஜ் மொத்தமே 32 கிலோபைட். தொலைபேசிக் குரலின் தரத்தில் ஒரு வினாடி சத்தத்தைப் பதிந்து வைக்கவே 8 கிலோபைட் வேண்டும். ஆட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு முழுக்கப் பாட்டாக நிரப்பினாலும் நாலு வினாடிதான் கொள்ளும். ஆகவே கார்ட்ரிட்ஜில் பாட்டு இருக்கவில்லை. எந்த நேரத்தில், எந்தக் குரல், எந்த ஸ்வரம், எவ்வளவு சத்தம் என்ற குறிப்பு மட்டும் இருந்தது. பாட்டு வாத்தியார் நோட்டில் ஸ்வரம் எழுதிக் கொடுப்பாரே, அந்த மாதிரி. நோட்டைப் பார்த்துப் பாடுகிற வித்துவான் கருவிக்குள்ளேயே, அதன் மூளைச் சில்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். கேம் பாயை யாரும் ஒலியைத் தானே உண்டாக்குகிற சிந்தசைசராக மாற்றவில்லை. அது பிறக்கும்போதே சிந்தசைசர். நோட்டை எடுத்துவிட்டு விரலை வைப்பதுதான் மிச்ச வேலை.

அந்த வித்துவானுக்கு நாலு குரல். முதல் இரண்டும் சுவிட்சைப் போட்டு அணைக்கிற மாதிரியான சதுர அலை. போட்டிருக்கும் நேரமும் அணைந்திருக்கும் நேரமும் சமமாக இருந்தால் குழல்போல உள்ளீடற்ற ஒலி வரும். எட்டில் ஒரு பங்கு மட்டும் போட்டிருந்தால் மூக்கால் பாடுகிற ஒலி. மூன்றாவது குரலின் அலையை நாமே வரையலாம், ஆனால் 32 புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரம், அவ்வளவுதான் இடம். நாலாவது வெறும் இரைச்சல். கொட்டு, ஜால்ரா, ஆட்டத்தில் குண்டு வெடிப்பது எல்லாம் அதிலிருந்துதான். இந்த நாலையும் வைத்துக்கொண்டு ஆட்டமே இல்லாமல் இசை மட்டும் செய்ய 1998இல் ஜெர்மனியின் ஆலிவர் விட்சோ ‘நானோலூப்’ என்ற கார்ட்ரிட்ஜை எழுதினார். 2000 வாக்கில் ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி ‘லிட்டில் சவுண்ட் டிஜே’யைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் திமோதி லாம்ப் எழுதிய ‘எம்ஜிபி’யைப் போட்டால் கருவி, கீபோர்டுகள் பேசிக்கொள்கிற மொழியான மிடி சொல்வதைக் கேட்கும். மிடி செய்தியை கேம் பாயின் பக்கவாட்டு இணைப்புத் துளைக்கு மொழிபெயர்த்துத் தர அவரே ‘ஆர்டுயினோபாய்’ என்ற சின்னச் சுற்றையும் வகுத்துக் கொடுத்திருக்கிறார். 1986இல் ‘புன்னகை மன்னன்’ பாடல்களுக்கு இளையராஜா சீக்வென்சர் வைத்தபோது பயன்பட்ட அதே மிடிதான். இன்றைக்குக் கச்சேரிக்குப் போகிற எந்தக் கீபோர்டின் முதுகிலும் அது இருக்கும்.

பிரிக் கேம் ஏன் ஆகாது என்பதும் இங்கேயே விளங்கிவிடும். நம் பக்கம் தொண்ணூறுகளில் கையில் வைத்து விளையாடியவர்களில் பெரும்பாலோர் தொட்டது கேம் பாயை அல்ல, அந்த ‘9999 இன் 1’ டப்பாவைத்தான். கேம் பாய் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த மாமா வீட்டில் இருந்திருக்கும். பிரிக் கேமிலும் ஒரு சில்லு பாடத்தான் செய்கிறது. ஆனால் அதன் நிரல் தொழிற்சாலையிலேயே சில்லோடு சேர்த்து வார்க்கப்பட்டது. கார்ட்ரிட்ஜ் துளை கிடையாது, உள்ளே நம் பேச்சைக் கேட்க ஆள் கிடையாது. கம்பியைக் கண்ட இடத்தில் தொட்டுக் கீச்சிட வைக்கலாம், அதையே ஒரு கலையாகச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் ஸ்வரம் கேட்டு வாங்க முடியாது. டிவியில் மாட்டி விளையாடிய வீடியோ கேம் பெட்டி வேறு கதை. அதற்குக் கார்ட்ரிட்ஜ் உண்டு, குரலும் ஐந்து உண்டு. பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் கண்ணில் பட்டால் விட வேண்டாம்.

இனி மூன்றாவது கேள்வி. எதற்கு இத்தனை? இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

சதுர அலையின் சுருதியை கேம் பாயிடம் சொல்வதற்கு 0 முதல் 2047 வரை ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். அந்த எண்ணை 2048இலிருந்து கழித்து, வருவதால் 131072ஐ வகுத்தால் அதிர்வெண். 440 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் கிட்டத்தில் கிடைப்பது 439.8. அதற்கு அடுத்த படி 441.3. நடுவில் எதுவும் இல்லை. ஓர் அரை ஸ்வரத்தை நூறு பங்காக்கினால் இந்த இடைவெளி 6 பங்கு, காது மன்னித்துவிடும். இரண்டு ஸ்தாயி மேலே போய் 1760 கேட்டால் ஒன்று 1747.6 கிடைக்கும், இல்லையென்றால் 1771.2. இப்போது ஒரு படியே அரை ஸ்வரத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு. மேல் ஸ்தாயியில் கேம் பாய் சுருதி விலகிப் பாடுவது கருவி பழசானதால் என்று நினைத்துச் சாலிடரிங் அயர்னை எடுக்கிறவர்கள் உண்டு. புதிதாக வாங்கிய நாளிலும் அது அப்படித்தான் பாடியது.

கீழ் ஸ்தாயியில் படிகள் மிக நெருக்கம், அங்கே தொல்லை இல்லை. நமக்கு இடிப்பது மேலே. நாகஸ்வரக்காரர் ஒரு தோடி காந்தாரத்தை அசைக்கும்போது இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் இருக்கிற இடம்தான் ராகம். கேம் பாயில் அந்த அசைவு வழுக்கிக்கொண்டு வராது, மாடிப்படியில் செருப்புப் போட்டு இறங்குகிற மாதிரி டக்டக்கென்று இறங்கும். மேற்கத்தியப் பாட்டில் இது ஓர் அழகாகவே ஆகிவிட்டது. நம் காதுக்கு அது உறுத்தல்.

வழி இல்லாமல் இல்லை. மேலே சொன்ன 131072 வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. கருவிக்குள் வினாடிக்கு 41,94,304 முறை துடிக்கிற ஒரு படிகம் இருக்கிறது, அதில் 32இல் ஒரு பங்கு இது. படிகத்தைப் பிடுங்கிவிட்டு, வேகத்தைத் திருகால் மாற்றக்கூடிய ஆசிலேட்டர் ஒன்றை அந்த இடத்தில் வைத்தால், எண்ணை மாற்றாமலே சுருதி எண்ணெய் போல வழியும். இங்கிலாந்தில் ‘லுக் மம் நோ கம்ப்யூட்டர்’ என்ற பெயரில் கருவிகள் கட்டுகிற சாம் பேட்டில் போனது இந்த வழியில்தான். அவருடைய ‘மெகாமெஷின்’ 48 கேம் பாய்களை ஒரே சட்டத்தில் அடுக்கிய ராட்சசன்.

ஆனால் படிகம் கருவி முழுவதற்கும் ஒன்றுதான். அதை இழுத்தால் நாலு குரலும் சேர்ந்தே இழுபடும். ஒரு குரல் அசைய, இன்னொன்று சுருதியில் அசையாமல் நிற்க வேண்டுமென்றால் இரண்டு கருவி வேண்டும். மெட்டுக்கு ஒன்று, சுருதிக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தால் மூன்று நாலாகிவிடும். மேசை மேல் நாலு டப்பா, நாலு அடாப்டர், எட்டு ஒயர் கிடந்தால் வாசிக்க முடியாது. ரேக் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். ரேக்கில் மாட்டினால் ஒலி உசத்தியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: ஆகாது. அது ஒயரை ஒழுங்குபடுத்துகிற தச்சு வேலை. படிகத்தைத் தொடாமல் அப்படியே இரண்டை மாட்டுகிறவருக்கும் ஒரு லாபம் உண்டு. இரண்டு படிகம் இம்மி பிசகாமல் ஒன்றாகத் துடிப்பதில்லை. ஒரே ஸ்வரத்தை இரண்டிலும் பிடித்தால், ஒலி மெதுவாகக் கனத்து மெலிந்து கனக்கும். இரண்டு தம்புராவைச் சுருதி சேர்த்து மீட்டுகிறபோது வருமே, அதன் ஏழைத் தம்பி.

கட்டுமானத்தில் என் கை பட்ட இடங்களைச் சொல்கிறேன். முதல் கேம் பாயைக் கையில் எடுத்ததும் பேட்டரிக் கதவைத் திறந்தேன். நாலு பென்சில் செல் எந்தக் காலத்திலோ கசிந்து, ஸ்பிரிங் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. எலுமிச்சைச் சாற்றில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் தேய்த்தால் பொரிந்து வரும், பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். பின்பக்கத் திருகுகளுக்கு மூன்று இதழ் தலை, வீட்டு ஸ்க்ரூடிரைவர் பிடிக்காது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே பார்க்க வேண்டியது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரத்தை. ஒலியை ஹெட்போன் துளையிலிருந்து எடுத்தால் உள்ளிருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலும் கூட வரும். சக்கரத்துக்கு முன்னாலேயே இரண்டு ஒயரைச் சாலிடர் செய்து வெளியே கொண்டுவந்தால் அடித்தொனி தெளிகிறது, சீற்றம் குறைகிறது. இத்தனை வேலையிலும் காதுக்கு உடனே தெரிகிற மாற்றம் இது ஒன்றுதான்.

இரண்டாவது கருவியைக் கொன்றது நான்தான். பக்கவாட்டில் 6 வோல்ட் துளை இருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை பிளஸ், கேம் பாய்க்கு நடு முனை மைனஸ். மீட்டர் வைத்துப் பார்க்காமல் சொருகினேன். புகை வரவில்லை, சத்தமும் வரவில்லை.

அளவு விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. கேம் பாயின் உயரம் 148 மில்லிமீட்டர். மூன்று யூ என்பது 133, ஆகவே நிமிர்த்தி வைத்தால் உட்காராது, நாலு யூ வேண்டும். அகலம் 90 என்பதால் பக்கம் பக்கமாக நாலு தாராளமாக நிற்கும், ஐந்து நெருக்கம். நாலையும் ஒரே மின்சப்ளையில் கோத்தால் ஒன்றின் திரை போடுகிற கீச்சொலி இன்னொன்றின் ஒலியில் ஏறும். சப்ளையைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

பழைய கருவியை இப்படிக் கூறு போடலாமா என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அந்த வருத்தம் உண்டு. இதற்கு இயற்கையே ஒரு வழி செய்திருக்கிறது. இந்த கேம் பாய்களுக்கு வயதானால் வரும் பொதுவான நோய், திரையில் நெட்டுக் கோடுகள் மறைந்துபோவது. விளையாட ஆகாது, ஆனால் தொண்டைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரேக்குக்கு அதைத் தேடி வாங்குங்கள். திரை நன்றாக இருப்பதை ஒரு குழந்தையிடம் கொடுத்துவிடலாம். இன்னொன்றும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செல்போனில் எமுலேட்டர் போட்டு இதே ஒலியை வரவழைக்க முடியும், கூட்டத்தில் கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. இருந்தாலும் சாமானை எதிர்பாராத வேலைக்கு வளைக்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள். 1982இல் பம்பாயின் சரண்ஜித் சிங், பேஸ் கிட்டாருக்கு மாற்றாக விற்ற ரோலண்ட் டிபி-303ஐயும் சேர்த்து வைத்துக்கொண்டு பத்து ராகம் வாசித்து இசைத்தட்டு போட்டார். ராகத்தின் சறுக்கலை அந்தப் பெட்டியிடம் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. சாமானிடம் மல்லுக்கட்டுவதில் ஒரு ருசி இருக்கிறது. அது வேண்டாதவர்களுக்கு எமுலேட்டரே போதும், அதில் குறைவு ஒன்றுமில்லை.

நாலு கேம் பாய் மாட்டிய என் பெட்டியை ஒரு நாள் தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவரின் மிக்சரில் மாட்டிப் பார்க்கக் கொண்டுபோனேன். சுற்றிவந்து பார்த்தார், நாலு யூ என்று விரலால் அளந்தார், திருகு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று அசைத்தார். பிறகு, “எத்தன வாட்ஸ்ணா இது?” என்றார்.

ஒன்று 0.7 வாட். நாலும் சேர்ந்து மூன்று வாட் வராது என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் தன் ஆம்ப்ளிஃபயர் ரேக்கைப் பார்த்தார். அப்புறம் மிக்சரில் கடைசிச் சேனலைக் காட்டி, “இதுல குத்துங்க” என்றார்.