சட்டைப்பையில் உறங்கும் எச்சரிக்கை

பேரிடர் எச்சரிக்கைச் செயலிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

குளச்சலில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் வள்ளத்துக்காரர் ஒருவர் தன் போனை மேசையில் வைத்தார். பாலித்தீன் உறையில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. "கடல் எச்சரிக்கை ஒண்ணும் வரமாட்டேங்கு மக்ளே" என்றார். செயலியைத் திறந்தேன். தேங்கிக் கிடந்த நான்கு அறிவிப்புகள் டிங் டிங்கென்று வந்து விழுந்தன. அலை உயரும் என்று சொன்ன நாள் அதற்குள் போய்விட்டிருந்தது.

செயலியில் பழுதில்லை, போன்தான் அதை உறங்க வைத்திருந்தது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே, சும்மா கிடக்கும் போன் பேட்டரியை மிச்சம்பிடிக்கச் செயலிகளின் கையைக் கட்டிவிடுகிறது. போதாததற்கு, பின்னணியில் ஓடுவதையெல்லாம் போன் கம்பெனிகள் சில தம் பங்குக்கு நிறுத்திவிடுகின்றன. உறங்கும் போனைத் தட்டி எழுப்பும் அவசரத் தகவலுக்குக் கூகுளே ஒரு வழி வைத்திருக்கிறது. வாட்ஸ்அப் அழைப்பு அப்படித்தான் வருகிறது. அலை வருவதையும் அப்படிச் சொல்லலாமே? ஆனால் செயலியை அடியோடு நிறுத்திவைத்த போனில் அந்த வழியும் எடுபடாது.

ஆழ்கடலில் இருப்பவர்களுக்குப் போன் எச்சரிக்கை உதவாது. 2017 ஒக்கிப் புயலின்போது தூத்தூர், வள்ளவிளை மீனவர்கள் இருந்த தூரத்தில் டவரே கிடையாது. அவர்களுக்குச் செயற்கைக்கோள் கருவிதான் வழி. நான் கேட்பது கரைக்கு.

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எனும் திடீர்ப் பேரலை பற்றிக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்னமே எச்சரித்திருந்தது. கல்யாணத்துக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள் எந்தச் செயலியை இறக்கி வைத்திருக்கப் போகிறார்கள்? 2023இல் சைரன் ஒலியோடு போன்களுக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பினீர்களே, அதற்குச் செயலியும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். டவரின் எல்லைக்குள் நிற்கிறவர்களுக்குப் போய்விடும். கள்ளக்கடலுக்கு அதையே முதல் வழியாக்குங்கள்.

செயலியும் இருக்கட்டும். எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற கணக்கு எனக்கு வேண்டாம். மாதம் ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, எத்தனை போனில் எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று வெளியிடுங்கள். கடைசியாகத் தகவல் வந்த நேரம் செயலியின் முதல் திரையிலேயே தெரியட்டும். அது தெரியாததால்தான் இன்றைக்கும் எங்களூரில் கோயில் மைக்கை நம்புகிறார்கள்.

அந்த வள்ளத்துக்காரரின் போனில் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. போன வாரம் ஏதோ அப்டேட் வந்ததாம். எல்லாம் பழையபடி ஆகி, மனுஷர் திரும்பவும் கடை வாசலில் நிற்கிறார்.

இப்படிக்கு,
குளச்சல் கடைக்காரன்